கை பட்ட ஃபில்டர்

அந்த ஃபில்டர் தரையில் விழுந்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. படிவத்தில் ‘கீழே விழுந்தது, செல்லாது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன். நான் அதைப் பிடித்துவிட்டேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் தூசியை எடை போடுகிறேன் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உண்மை அதுதான். மாநிலம் முழுக்க நாற்பத்திரண்டு இடங்களில், பெரும்பாலும் மொட்டைமாடிகளில், எங்கள் துறையின் பம்ப் பெட்டிகள் நிற்கின்றன. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியும் ஒரு முழு நாள் ஊர்க் காற்றை உறிஞ்சி, உள்ளே வைத்திருக்கும் ஃபில்டர் வழியாக வெளியே விடும். ஃபில்டர் என்பது உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு வெள்ளை வட்டம். ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் இருக்கும். போகும்போது அதை எடை போட்டு அனுப்புவோம், திரும்பி வந்ததும் மறுபடி எடை போடுவோம். கூடியிருக்கும் எடைதான் அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு மூச்சில் இழுத்த தூசி. இதைச் செய்ய எடையறையில் மூன்று பேர் இருக்கிறோம். மூவரில் நான் மூத்தவள்.

எடையறை ஒரு படுக்கையறை அளவுதான். வெப்பமும் ஈரப்பதமும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால் ஜன்னல் கிடையாது, இரட்டைக் கதவு. உள்ளே வருபவர்கள் சென்ட் போடக் கூடாது, தும்மக் கூடாது, தராசுக்குப் பக்கத்தில் பெருமூச்சு விடக் கூடாது. பெருமூச்சு விடுமளவுக்கு வீட்டில் பிரச்சினை உள்ளவர்கள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று நானே ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். ஃபில்டரைக் கையால் தொடவே கூடாது. ஒரு விரல் பட்டால், விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் நல்ல காற்றுள்ள ஓர் ஊரின் ஒரு நாள் தூசியில் பாதியாவது எடை இருக்கும். அதனால் ஓர வளையத்தை இடுக்கியால் பிடித்துத் தூக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக என் வலது கையில் அந்த இடுக்கி இருப்பதால் அலுவலகத்தில் என் பெயரே ‘இடுக்கி’ ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள்.

அன்று தட்டில் ஒரே ஒரு ஃபில்டர்தான் பாக்கி இருந்தது. இடது கையுறை கட்டைவிரல் பக்கம் கிழிந்துவிட்டது. கழற்றிப் போட்டேன். பெட்டியில் வேறு கையுறை இல்லை, புதுப் பெட்டி வெளி அலமாரியில் இருந்தது. இரண்டு கதவையும் திறந்து போய் வந்தால் அறையின் ஈரப்பதம் கலைந்துவிடும், அது நிலைக்கு வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றுதானே, வலது கையாலேயே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். பசி வேறு. ஃபில்டரைத் தூக்கியதும் நிலைமின்சாரத்தில் அது ஒரு துள்ளுத் துள்ளியது. எப்போதாவது அப்படித் துள்ளும். இடுக்கியிலிருந்து நழுவியது. என் இடது கை என்னைக் கேட்காமலே நீண்டு அதை ஏந்திக்கொண்டது. வெறும் கை. தூசி படிந்த பக்கம் உள்ளங்கையில் இருந்தது.

விழுகிற எதையும் பிடிக்கத்தான் கை பழகியிருக்கிறது. எடையறையில் சேரும் ஒருவருக்கு அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க ஒரு வாரம் ஆகும். எனக்குப் பத்தொன்பது வருஷமாக மறந்திருந்தது, அன்று எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது, அந்த விதிமுறைப் புத்தகத்தின் பாதியை எழுதியதே நான்தான். கை பட்ட ஃபில்டர் செல்லாது. உள்ளங்கையில் எவ்வளவு ஒட்டிக்கொண்டது, உள்ளங்கையிலிருந்து எவ்வளவு ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வரி எழுதினால் முடிந்தது. நான் எழுதவில்லை. ஃபில்டரை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்து, வந்த எண்ணைப் பதிந்து, கையெழுத்துப் போட்டேன்.

காரணத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. வருஷா வருஷம் அதில் கைப்பிழைப் பட்டியல் ஒட்டுவார்கள். யார் எத்தனை ஃபில்டரைக் கெடுத்தார்கள் என்ற கணக்கு. மற்ற இருவருக்கும் ஐந்து, ஏழு என்று இருக்கும். அதில் தப்பே இல்லை, மனிதக் கை. என் பெயருக்கு நேரே பத்தொன்பது வருஷமாகப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் லிப்டுக்குக் காத்திருப்பேன். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. வெட்டி கௌரவம்தான், வேறொன்றும் இல்லை. ஃபில்டரின் கடைசி மூன்று இலக்கம் முந்நூற்றுப் பதினெட்டு. எந்த ஊருடையது என்று அப்போது எனக்குத் தெரியாது, எடையறைக்கு வெறும் எண்தான் வரும். மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது என்பது மட்டும் கண்ணில் பட்டது.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறான். நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கில் எரியும் பழைய உலை இரண்டு, பதினோரு ஆட்கள். இரும்பை உருக்கி பம்ப் உறுப்புகளும் சாக்கடை மூடிகளும் வார்க்கிறார்கள். நம்மூர்த் தெருவில் பாதி மூடிகள் அவனுடையவைதான். நடக்கும்போது ஒவ்வொன்றையும் குனிந்து பார்ப்பான், அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் துறை அலுவலக நடைபாதையில் மாநிலப் போக்கைக் காட்டும் வரைகோடு ஒன்று மாட்டியிருக்கிறது. இருபது வருஷமாக அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அது பொய் இல்லை. பழைய பேருந்துகள் போயின, மின் நிலையத்துக்குப் புகை வடிப்பான் வந்தது, குப்பை எரிப்பது நின்றது. அதில் ஒவ்வொரு புள்ளியும் எங்கள் தராசில் ஏறி இறங்கியது. எனக்கு அதில் பெருமை உண்டு, இல்லை என்று சொன்னால் நடிப்பாகிவிடும். பக்கத்திலேயே மாநில வரைபடம் இருக்கும். ஒன்பது மாவட்டங்களில் எட்டு பச்சை. எங்கள் மாவட்டம் மட்டும் சிவப்பு. காரணம் ஒரே ஒரு பெட்டி, பேருந்துப் பணிமனை மாடியில் இருக்கும் பெட்டி. அதற்கு ஒரு பக்கம் பேருந்துகள், இன்னொரு பக்கம் காற்று திரும்பினால் பட்டறைத் தெரு.

வரம்பு பன்னிரண்டு, அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் அத்தனை மைக்ரோகிராம் தூசி. மூன்று வருஷச் சராசரியை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கி எழுத வேண்டும். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் என்றால் தேறியது, பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றால் தேறவில்லை. எங்கள் மாவட்டம் இரண்டு முறை தேறவில்லை. மூன்றாம் முறையும் தேறாவிட்டால் நகர எல்லைக்குள் இருக்கும் கோக் உலைகளைத் தொண்ணூறு நாளில் அணைக்க வேண்டும் என்று உத்தரவு தயாராக இருந்தது. மின் உலை வைப்பவர்கள் தொடரலாம். என் அண்ணனுக்கு மின் உலை வைக்கிற வசதி இல்லை. ஆகவே எங்கள் வருஷ அறிக்கையில் வரப்போகும் ஒரு தசமத்தில் அவன் பட்டறை தொங்கிக்கொண்டிருந்தது.

கை பட்ட சம்பவத்துக்கு மூன்று வாரம் கழித்து ஒரு மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்து விஷயமெல்லாம் பேசினான். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, சுற்றி வளைக்கும்போது காது சிவந்துவிடும். கடைசியில் கேட்டான். உங்கள் அறையில் எத்தனையோ ஃபில்டர் கெட்டுப் போகிறதாமே, அதில் பணிமனை ஃபில்டர் ஒன்றிரண்டு இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றான்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிறகு தோன்றியது. நிதானமாக, அலுவலகத்தில் பேசுகிற குரலில், என்னைத் திருடி என்று நினைத்துத்தான் இந்த வீட்டுப் படியேறினாயா என்று கேட்டேன். பதினோரு பேரின் சோற்றைப் பற்றி அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பணிமனையில் முந்நூறு பேர் மூச்சு விடுகிறார்கள், அவர்களுக்கு நுரையீரலை நீ வார்த்துத் தருவாயா என்றேன். டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணி மட்டும் போன் செய்து, புது ஆர்டர் எடுப்பதை அவர் நிறுத்திவிட்டார், ஆட்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார் என்றாள். என்னைக் கேட்டது தப்பு என்று அவர் நினைப்பதாகவும் சொன்னாள். எனக்கு வருத்தமாக இருந்தது. கூடவே நான் செய்தது சரி என்ற திருப்தியும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

வருஷக் கணக்கு முடிந்த அன்று தசமம் என் மேசைக்கு வந்தான். தசமம் என்பது எங்கள் புள்ளிவிவரக்காரனின் பட்டப்பெயர். வயது முப்பத்தைந்து, எதையும் இரண்டு தசம இடத்துக்குக் குறைவாகச் சொல்ல மாட்டான். டீ எத்தனை கப் குடித்தாய் என்று கேட்டால் கூட ஒன்றே முக்கால் என்பான். கையில் ஒரு தாள் வைத்திருந்தான். முகம் செத்துப் போயிருந்தது, அவனுக்கும் மாநிலம் முழுக்கப் பச்சையாகப் பார்க்க ஆசை.

“பன்னண்டு புள்ளி ஒண்ணு ரெண்டு, மேடம்” என்றான். “ஒரே ஒரு நாள் கெடுத்துடுச்சு. கடைசிக் காலாண்டுல ஒரு நாள் நாப்பத்தொண்ணு. அது மட்டும் இல்லன்னா பன்னண்டு புள்ளி பூஜ்யம் நாலு. தேறியிருப்போம்.”

தாளை என் முன்னால் வைத்தான். அந்த வரியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தான். இடம்: பேருந்துப் பணிமனை. எண்ணின் கடைசி மூன்று இலக்கம் முந்நூற்றுப் பதினெட்டு.

அடுத்த மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று சொல்வதெல்லாம் பெரிய வார்த்தை, விஷயம் உண்மையில் மிக எளிமையானது. அந்த ஃபில்டர் செல்லாது. அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால், செல்லாத ஒரு எண்ணை வைத்து என் அண்ணனின் உலையை அணைப்பார்கள். என் பூஜ்யம் பத்திரமாக இருக்கும், ஊரும் அலுவலகமும் என்னை நேர்மையானவள் என்றே சொல்லும். வாயைத் திறந்தால் உண்மை வெளியே வரும், அண்ணன் பிழைப்பான், அதைப் பார்க்கும் எவனுக்கும் நான் அண்ணனுக்காகத் தில்லுமுல்லு செய்தவளாகத் தெரிவேன். பொய் சொன்னால் யோக்கியப் பட்டம், உண்மை சொன்னால் அயோக்கியப் பட்டம். அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் அது ஒரு சாதாரண வரி. மூன்று மாதம் ஆறப்போட்டதில் அதே வரி குற்றமாகிவிட்டது.

இன்னொன்றும் உறுத்தியது. பணிமனை மாடியில் எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் மணிக்கு மணி அளவு காட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. அது சட்டக் கணக்கில் சேராது, பொதுமக்கள் பார்ப்பதற்காக வைத்தது. அதன் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளின் சராசரி முப்பத்தெட்டு. அன்று காற்றே வீசவில்லை, பட்டறைத் தெருப் புகை பணிமனை மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. ஆக, ஃபில்டர் செல்லாது என்பதும் உண்மை, அந்த நாள் மோசமான நாள் என்பதும் உண்மை. விதியைக் காப்பாற்றினால் மோசமான நாள் கணக்கிலிருந்து காணாமல் போகும். நான் விதியின் பக்கம் நின்றேன். வேறு எந்தப் பக்கம் நிற்கவும் எனக்குப் பழக்கமில்லை.

நான்காம் நாள் காலை மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர், பிரச்சினை என்றால் உடனே தண்ணீர் குடிப்பார். நான் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். கதவு சாத்தப்பட்டதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. கிழிந்த கையுறை, காலிப் பெட்டி, துள்ளிய ஃபில்டர், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்று கேட்டார். பெயர் கெட்டுவிடும் என்று எழுதவில்லை என்றேன். அவர் தண்ணீர் குடித்தார்.

“எழுதித் தர்றீங்களா, மேடம்?” என்றார்.

எழுதித் தந்தேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருந்தேன்: என் சொந்த அண்ணன் நகர எல்லைக்குள் இரண்டு கோக் உலை வைத்திருக்கிறார், ஆகவே இதை வெளியாள் ஒருவர் விசாரிக்க வேண்டும். மேற்பார்வையாளர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். இது படிவத்துக்குத் தேவையில்லாத தகவல் என்றார். தேவை என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேறு தாளை எந்தக் கோப்பில் வைப்பது என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் இப்படிக் கொஞ்ச நேரம் மரியாதையாகச் சண்டை போட்டோம். கடைசியில் இயக்குநரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் இயக்குநர் கேட்டாராம்.

விசாரணை எதுவும் நடக்கவில்லை. யார் விசாரிப்பார்கள்? மாநிலமே தேற வேண்டும் என்று எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள், நான் அதைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். வாராந்திரக் கூட்டத்தில் இயக்குநர், தாமதமானாலும் தவறை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு குறும்பு இருந்தது, காது குத்துகிறவளுக்கும் தெரிந்தே குத்திக்கொள்கிறவர்களுக்கும் நடுவில் இருக்கும் சமரசம் மாதிரி. எனக்கு எழுந்து எல்லோரையும் திட்ட வேண்டும் போல இருந்தது. என்னவென்று திட்டுவது? அவர்கள் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

தசமம் மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் அவனை நிறுத்தினேன். நீயுமா என்னை நம்பவில்லை என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“பத்தொம்பது வருஷத்துல நீங்க முப்பதாயிரம் ஃபில்டருக்கு மேல தொட்டிருக்கீங்க, மேடம். ஒரே ஒரு தடவதான் தப்பு பண்ணியிருக்கீங்க. அது சரியா இந்த ஒண்ணா இருக்கறதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன். வேணாம், சொல்லல.”

அவன் சொன்ன கணக்கில் பிழையே இல்லை. மற்ற இருவரைப் போல எனக்கும் வருஷம் ஐந்தாறு கைப்பிழை இருந்திருந்தால், இது அவற்றில் இன்னொன்று என்று யாரும் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தப் பூஜ்யத்துக்காக நான் வாயை மூடினேனோ அந்தப் பூஜ்யமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்த வருஷப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒன்று என்று அச்சாகியிருந்தது. நான் லிப்டை விட்டுவிட்டு மாடிப்படியில் ஏற ஆரம்பித்தேன்.

அறிக்கை வெளியானது. மாநிலம் முழுவதும் வரம்புக்குள் வந்தது இதுவே முதல் முறை என்று தலைப்பு. வரைபடத்தில் ஒன்பது மாவட்டமும் பச்சை. அறுபத்தோராம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், பணிமனையின் ஒரு நாள் அளவீடு எடையறைக் கைப்பிழையால் நீக்கப்பட்டது என்று போட்டிருந்தார்கள். அடிக்குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள் என்று மேற்பார்வையாளர் எனக்கு ஆறுதல் சொன்னார். வார்ப்புப் பட்டறைக்காரர்கள் சங்கத்தில் அதைத்தான் முதலில் படித்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு காலை அண்ணன் வந்தான். சமையலறையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், நேராக அங்கேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கரி இருந்தது, அது எந்தச் சோப்புக்கும் போகாது. நான் நறுக்குவதை நிறுத்தவில்லை. காது சிவந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இல்லை. அப்படியானால் நேராகப் பேசப்போகிறான்.

ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னான். வேறு இடத்துக்குப் போன இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்களாம். மாவட்டம் தேறியதால் உலை உத்தரவு மூன்று வருஷம் தள்ளிப்போயிருக்கிறது, அதற்குள் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒரு மின் உலை போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். நல்லது என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, பாப்பா” என்றான். எனக்கு வயது நாற்பத்தேழு. அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

விடு என்றேன்.

“இல்ல, சொல்லணும். நீ திட்டினப்ப எனக்கு அவ்வளவு கோவம். வீட்டுக்குப் போறதுக்குள்ள கோவம் எறங்கிடுச்சு, பெருமையா ஆயிடுச்சு. மறுநாள் பட்டறையில எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னேன். என் தங்கச்சி சொந்த அண்ணனுக்காகக்கூட ஒரு புள்ளி மாத்த மாட்டா, அதனால ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க, வேற வேல தேடிக்கங்கன்னு. சங்கத்துலயும் சொன்னேன். ரெண்டு மாசமா இதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டான். “இப்ப அவங்க என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்.”

கத்தியைக் கீழே வைத்தேன். அவன் எதிரில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நான் இப்பவும் மாத்தலண்ணா” என்றேன். “நெஜமாவே கை பட்டுச்சு.”

அவன் தலையாட்டினான். உடனே, மிக வேகமாக ஆட்டினான். எனக்கு அது பிடிக்கவில்லை. முதலிலிருந்து சொன்னேன். கட்டைவிரலில் கையுறை கிழிந்தது, பெட்டி காலியாக இருந்தது, கதவைத் திறந்தால் அரை மணி நேரம் வீணாகும் என்று சோம்பல்பட்டது, ஃபில்டர் துள்ளியது, இந்தக் கை, இதோ இந்த இடத்தில். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நீ வந்து கேட்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே நடந்தது, எந்த ஊர் ஃபில்டர் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது என்றேன். அவன் கவனமாகக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் உதட்டை லேசாக அசைத்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யும்போது அப்படித்தான் செய்வான்.

“நல்லா இருக்கு” என்றான். “கையுற கிழிஞ்சது, பொட்டி காலி. யார் கேட்டாலும் இதையே சொல்லு. ஒரு வார்த்த மாத்திடாத.”

அலுவலகம் நம்பாதது எனக்கு அவமானமாக இருந்தது. தசமம் நம்பாதது வலித்தது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், ஏனென்றால் மனசின் ஒரு மூலையில், ஒரு ஆள் நம்புவான் என்று வைத்திருந்தேன். அது இவன்தான் என்று இவன் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அண்ணன் பதறிப்போய் எழுந்து வந்தான். கரி படிந்த விரல்களால் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்.

“அழாத பாப்பா. எனக்காக நீ பண்ணினத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். என் வாயிலேருந்து ஒரு வார்த்த வெளிய போகாது.”